தயிர்சாதத்தின் மேல் விழுந்த பழி

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் அந்த ஏரிப் படத்தைப் போட்டீர்கள். பாலைவனத்துக்கு நடுவில் நீலமாக ஓர் ஏரி, கரையில் பனைகள், அதன் முன்னால் பட்டுப்பாவாடையும் குட்டி வேட்டியுமாக நாம் ஆறு பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். உடனே குழுவில் இதயப் படமாகப் பறந்தது. "வாட் எ சைல்ட்ஹுட்!" என்று ஒருத்தி. எனக்கு என்ன வந்தது தெரியுமா? குமட்டல்.

மாத்திரை அட்டையைப் படிக்கக் கண்ணாடி தேடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் இந்தக் கதையைச் சர்க்கரை போட்டே சொல்லிக்கொண்டிருப்பது? குழுவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தயிர்சாதம் கேங்.' யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் "தயிர்சாதம் ஆயிடுச்சு" என்று எழுதிச் சிரிக்கிறோம். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. சான் ஹோசேயில் அப்பாக்கள் வேலை பார்த்த கம்பெனி டெக்ஸாஸின் மேற்குக் கோடியில் புதிதாக ஒரு பிளான்ட் திறந்தது. மாற்றல் வாங்கிக்கொண்டு போன தமிழ்க் குடும்பங்கள் நான்கு. அங்கே போனால் சொந்த வீடு, அதுவும் ஏரிக்கரையில், என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் என் அப்பா. வழவழ காகிதத்தில் அச்சடித்த புரோஷரை அபார்ட்மென்ட் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் பாய்மரப் படகு ஒன்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஏரியில் ஒரு நாளும் ஒரு படகு மிதந்து நான் பார்த்ததில்லை.

"டேகேர் வேலையை விடணுமேங்க" என்றாள் அம்மா. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

"வீட்டு வாசல்லயே தண்ணி. இந்தியாவுல யாருக்குக் கிடைக்கும்?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

அந்த ஊருக்கு ஒரு ஸ்பானிஷ் பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். போய் இறங்கிய அன்றைக்கு மண்ணில் பாதிதான் ஊராக இருந்தது. மீதியில் மஞ்சள் இயந்திரங்கள் புதர்களை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தன. புல்லைப் பாய் மாதிரி சுருட்டி லாரியில் கொண்டுவந்து மணல்மேல் விரித்தார்கள். பனைகள் தலை கட்டிப் படுத்த வாக்கில் வந்தன. கடலே இல்லாத இடத்தில் தெருக்களுக்கெல்லாம் துறைமுகம், கடற்பறவை, நங்கூரம் என்று பெயர். வாசல் வளைவில் ஓர் அருவி. வீடு பார்க்க ஆள் வருகிற சனி, ஞாயிறில் மட்டும் அது கொட்டும். திங்கட்கிழமை ஸ்கூல் பஸ்ஸில் போகும்போது வெறும் சிமென்ட் பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மாதிரி வீடு நினைவிருக்கிறதா? டிவி அட்டையில் செய்தது. தட்டில் மெழுகு ஆப்பிள். உங்களில் ஒருவன் அதைக் கடித்துவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தான், பல் பதிந்த பக்கம் சுவரைப் பார்க்க. விற்பனைக்காரப் பெண்மணி அடுப்பில் குக்கீ வேக வைத்து அந்த வாசனையிலேயே எல்லோரையும் உட்கார வைத்துவிடுவாள்.

அவளையே திகைக்க வைத்தவர்கள் நம் ஆட்கள். நம்மோடு வந்த குடும்பங்களில் ஓர் அங்கிளுக்கு வாஸ்து தெரியும். அதாவது, தெரியும் என்று நான்கு அப்பாக்களும் நம்பினார்கள். எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். கையில் சாரணர் பையன்கள் வைத்திருக்கிற திசைகாட்டி. அதைத் தட்டிலே வைத்த மாதிரி ஏந்திக்கொண்டு மணலில் மைல் கணக்கில் நடந்தார். அவர் பின்னால் நம் அப்பாக்கள், அவர்கள் பின்னால் அந்தப் பெண்மணி குதிகால் உயர்ந்த செருப்போடு. கடைசியில் ஏரியின் தென்மேற்குக் கரைக்குப் போய் நின்றார்.

"சார், இங்க பாருங்க! வாசல் கிழக்க பாத்திருக்கு. ஈசானிய மூலைல தண்ணி. நாலு லாட்டும் அப்படியே அமைஞ்சிருக்கு. நாம தேடி வரல, அதுவா கூப்பிட்டிருக்கு!"

ஆரம்பத்திலிருந்து ஒருத்தரும் சீந்தாமல் கிடந்த நான்கு மனைகள் அவை. ஏன் சீந்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை. "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று மட்டும் அப்பா கேட்டார். "தண்ணீரைப் பற்றி நீங்கள் யோசிக்கவே தேவையில்லை, அது எங்கள் வேலை" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். அவள் பொய் சொல்லவில்லை. நாம்தான் யோசிக்கவில்லை.

குடி போவதற்கு முந்தைய வாரம் நான் சைக்கிளில் ஏரியைச் சுற்றினேன். நம் மனைகளுக்குப் பின்னால் ஒரு மணல்மேடு. அதைத் தாண்டினால் கம்பி வேலி. வேலிக்குள்ளிருந்து கத்தரிப்பூ நிறத்தில் தடியான குழாய் ஒன்று வந்து ஏரிக்குள் இறங்கியது. அதன் வாயில் நுரை. பக்கத்தில் ஒரு போர்டு. இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும், குவளைப் படத்தின்மேல் குறுக்குக் கோடு போட்டு, சுத்திகரித்த கழிவுநீர், குடிக்காதே, குளிக்காதே என்று எழுதியிருந்தது. ஈரக் கோணிப்பைமேல் ப்ளீச் ஊற்றின மாதிரி ஒரு நாற்றம். ஊர்க் கக்கூஸ் தண்ணீர்தான் சுற்றிவந்து ஏரியாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. புல்லுக்குப் பாய்ச்ச அது நல்ல தண்ணீர்தான், பாலைவனத்தில் வேறு என்ன செய்வார்கள்? அதில் தப்பில்லை. போர்டும் வைத்திருந்தார்கள்.

ஆனால் அதை யாராவது குடிப்பார்கள் என்று அந்த ஊரைத் திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றியிருக்குமா? நம்மைப் போல் ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சனிக்கிழமை கிரகப்பிரவேசம், எங்கள் வீட்டில். பக்கத்தில் கோயில் கிடையாது, வாத்தியார் கிடையாது. மெட்ராஸிலிருந்து தபாலில் வந்த கேசட்தான் வாத்தியார். கேசட் சொல்லச் சொல்ல வாஸ்து அங்கிள் செய்ய வேண்டியது. முந்தின நாளே ஓட்டிக் கேட்டுவிட்டார். நதியிலோ ஏரியிலோ மொண்டு வந்த நீரைக் கலசத்தில் நிரப்பவும் என்றது கேசட். குழாய்த் தண்ணீர் போதாதா என்று யாரோ கேட்டதற்கு, "ஏரியை வாசல்ல வெச்சுக்கிட்டு யாராவது பைப்பைத் திறப்பாங்களா?" என்றார்.

காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பித்தளைக் குடத்தோடு கரையில் இறங்கினார். நான் ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன்.

"அம்மா, தட்ஸ் டாய்லெட் வாட்டர். தேர்ஸ் எ சைன். டு நாட் டிரிங்க்னு போட்டிருக்கு."

"நல்ல நாளும் அதுவுமா வாயில வர்ற பேச்சைப் பாரு!" தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஆனால் கிள்ளிய கை அங்கேயே நின்றது. ஜன்னல் வழியாக ஒரு நொடி ஏரியைப் பார்த்தாள். அப்புறம் கோலப்பொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு நொடியை நான் மறக்கவே இல்லை.

பச்சைக் கற்பூரம், ஏலக்காய், துளசி எல்லாம் போட்டார்கள். நாற்றம் அடங்கிவிட்டது. பூஜை முடிந்ததும் மாவிலைக்குப் பதில் ஏதோ ஓர் இலையால் எல்லார் தலையிலும் தெளித்தார்கள். சமையலறையில், படுக்கையில், காய்ச்சின பாலின்மேலே கூட. பிறகு உத்தரணிக் கரண்டியால் ஆளுக்கு மூன்று முறை தீர்த்தம். நீங்கள் எல்லோரும் குடித்தீர்கள். உள்ளங்கையை நக்கினவனும் உண்டு. நான் கையைச் சாய்த்து முழங்கை வழியாகப் பாவாடைக்குள் விட்டுவிட்டேன். உங்களிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை. தொடை இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

பூஜை, தீர்த்தம் எல்லாம் முடிந்த பிறகுதான், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு, ஐந்தாவது குடும்பம் வந்தது. அந்த ஆன்ட்டிக்கு ஈரோட்டுப் பக்கம். அங்கிள் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். நாற்பது மைல் தள்ளி நகரத்தில் அபார்ட்மென்ட்டில் இருந்தார்கள். இரண்டாம் கட்டத்தில் வீடு கட்டும்போது நம் வரிசையிலேயே வாங்கிவிட வேண்டும் என்று அந்த ஆன்ட்டி துடியாய்த் துடித்தாள். அங்கே அவளுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. கார் ஓட்டத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சமையல். அதற்காகத்தான் எல்லா வீட்டிலிருந்தும் அவளைக் கூப்பிட்டார்கள், அந்த அழைப்புக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

அன்றைக்கு எவர்சில்வர் போசி நிறையத் தயிர்சாதம் கொண்டுவந்தாள். மூடி போட்ட பாத்திரத்தை அவர்கள் பக்கம் போசி என்பார்கள். விளிம்பில் அவள் பெயரின் முதலெழுத்து புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ஈரத்துணி சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். மாங்காய், இஞ்சி, மாதுளை முத்து. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்க கண்ணு. உனக்குன்னுதான் மாதுளை நெறைய உதுத்தேன்" என்றாள்.

மிச்சத்தைப் போசியோடு எடுத்துப்போய், அடுத்த மனையில் வீட்டுக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்த மெக்ஸிகோக்காரத் தொழிலாளிகள் மூன்று பேருக்குக் கொடுத்தவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தது. நான்கு வீடுகளிலும் ஒரே கதை. வாந்தி, பேதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறல். புத்தம்புது கார்ப்பெட், பால் நிறம், வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் அப்பா பாத்ரூம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், உள்ளே அம்மா. ஜன்னலைத் திறந்தால் ஏரிக்காற்று. சீ, எழுதும்போதே அந்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது. வீட்டில் நிமிர்ந்து நடந்தவள் நான் ஒருத்திதான். பக்கெட்டைக் கழுவிக் கழுவி வைத்தேன்.

திங்கட்கிழமை போனில் தீர்ப்பு வந்துவிட்டது. எல்லா ஆன்ட்டிகளும் எல்லா ஆன்ட்டிகளோடும் பேசினார்கள்.

"அந்தத் தயிர்சாதம்தான். நாப்பது மைல் இந்த வெயில்ல வந்தா என்னத்துக்கு ஆகும்?"

"அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே ஆகலையாமே? எப்படிங்க?"

"அவ ஆக்கினதை அவளே தொட்டிருக்க மாட்டா."

அம்மா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்றேன். இரண்டு தட்டு தயிர்சாதம் உள்ளே போன நான், குத்துக்கல்லாட்டம், அவள் கண்ணுக்கு நேரே.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அந்தத் தொழிலாளிகளில் ஒருவர். தேய்த்துக் கழுவிய போசியை நீட்டி, "வெரி குட், வெரி குட்" என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். அவருக்குப் பின்னால் மற்ற இருவரும் கையாட்டினார்கள். மூன்று பேரும் நல்ல திடமாக இருந்தார்கள். அம்மா போசியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பாத்தியாம்மா? நான் சொன்னேன்ல? இட்ஸ் த வாட்டர்."

அம்மா என் தோளைப் பிடித்தாள். வாந்தி எடுத்து எடுத்து அவள் உதடு வெடித்திருந்தது. "வெளில மூச்சு விட்டேன்னா பாரு. நாலு குடும்பத்தையும் கூட்டிட்டு வந்தது உங்கப்பா. குடத்துல மொண்டது உங்கப்பா. அவர் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

நாற்காலி போட்டு ஏறி, போசியை அலமாரியின் உச்சியில் பின்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் அந்த ஆன்ட்டி வந்தாள். அங்கிளை லீவு போடவைத்து, நாற்பது மைல், எல்லாருக்கும் கஞ்சியும் மிளகு ரசமும் எடுத்துக்கொண்டு. மூன்று வீட்டில் உள்ளே கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் வாசற்படி வரை கிடைத்தது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ற கையால இப்படி ஆயிப்போச்சுங்களே அக்கா. கொழந்தைங்க எப்படி இருக்குதுங்க?"

அப்போது அம்மா சொன்னாள். "பரவால்ல விடு. நீ என்ன வேணும்னா செஞ்ச?"

தப்புச் செய்யாதவளுக்கு மன்னிப்பு! அந்தக் கழிவுநீரை விட அசிங்கமான ஒன்றை நான் பார்த்தேன் என்றால் அது இதுதான். அதுவும் எவ்வளவு அன்பாகச் சொன்னாள் தெரியுமா? தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"அந்தப் போசி..." என்று ஆன்ட்டி தயங்கினாள். "எங்கம்மா சீரா குடுத்ததுங்."

"அதைத் தூக்கிப் போட்டுட்டோம்" என்றாள் அம்மா. கார் தெருமுனை திரும்பியதும் கஞ்சியையும் ரசத்தையும் சிங்க்கில் கொட்டி, அடியிலே அரைத்துத் தள்ளுகிற டிஸ்போஸலை ஓடவிட்டாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் அந்த ஆன்ட்டிக்கு அழைப்பு போகவில்லை. தீபாவளிக்கு அவர்களாகவே வந்தார்கள். அவள் கொண்டுவந்த அதிரசத்தை நம் அம்மாக்கள் நாப்கினில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். நாம் சின்னப் பிசாசுகள், அவள் முன்னாலேயே மூக்கைப் பிடித்துக்காட்டி "தயிர்சாதம்! தயிர்சாதம்!" என்று ஓடினோம். அதை ஆரம்பித்து வைத்தவளும் நான்தான். எனக்கு உண்மை தெரியும், அதனால் என் குரல்தான் எல்லாரையும் விடப் பெரியதாக இருந்தது. அந்தப் பள்ளி ஆண்டு முடிவதற்குள் அவர்கள் நியூ ஜெர்ஸிக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் கிளம்பிப் போன அதே மாதம் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஏரியில் இருப்பது கழிவுநீர், யாரும் கைகூட நனைக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில். நான்கு வீட்டுக்கும் வந்தது. நான்கு வீட்டிலும் படித்துப் பட்டம் வாங்கினவர்கள்தான் இருந்தார்கள். அப்பா படித்தார், நாலாக மடித்தார், டிராயரில் போட்டார். வாஸ்து அங்கிள் அந்த வாரம் திசைகாட்டியோடு வெளியே வரவில்லை. நியூ ஜெர்ஸிக்கு ஒரு போன் போட ஒருத்தருக்கும் கை வரவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிளான்ட் மூடினார்கள், நாம் ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். நிரப்ப ஆளில்லாமல் ஏரி வற்றி, அடியில் விரித்திருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பாளம் பாளமாகக் கிழிந்து கிடந்தது. நீங்கள் போட்ட படத்தில் அது தெரியாது.

அப்பா இறந்த பிறகு அம்மாவை என்னோடு கூட்டிவர வீட்டைக் காலி செய்தோம். கராஜில் ஒரு பெட்டிக்குள் போசி இருந்தது, பழைய நைட்டியில் சுற்றி. எத்தனை வீடு மாறியும் அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. புழங்கவும் இல்லை.

"அது அவளோடது" என்றாள். "இருக்கட்டும், அங்கயே வை."

நான் வைக்கவில்லை. வேலை விஷயமாக நியூ ஜெர்ஸி போனபோது எடுத்துப்போனேன். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கி, பிளெய்ன்ஸ்பரோவில் அந்த அபார்ட்மென்ட்டைக் கண்டுபிடித்தேன். அங்கிள் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். ஆன்ட்டிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கவில்லை. மேசையில் கடையில் வாங்கின பிஸ்கட்டைப் பாக்கெட்டோடு வைத்தாள்.

போசியை எடுத்து வைத்தேன். விளிம்பில் அந்தப் புள்ளி எழுத்தை விரலால் தடவினாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்குப் பால் ஆறறதுக்கு முன்னாலயே நான் ஒற ஊத்திட்டேன் கண்ணு. அவசரம். அதுதான் கெட்டுப்போச்சு. அதுக்கப்பறம் ஒருத்தருக்கும் என்ற கையால ஆக்கிப் போட்டதில்ல. என்ற பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வெளிய சமையலுக்குச் சொல்லிட்டேன். கொழந்தைங்க வயிறு பாரு, பயம்."

"ஆன்ட்டி, தயிர்சாதம் இல்ல. அது தண்ணி." எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிப்பூக் குழாய், போர்டு, குடம், நான் தின்ற இரண்டு தட்டு, அந்த மூன்று தொழிலாளிகள்.

போசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டதா சொன்னாங்களே. உங்கம்மாளுக்குத் தெரியுமா கண்ணு?"

அவ்வளவு தூரம் எதற்காகப் போனேன்? இதைச் சொல்லத்தானே போனேன்? என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இல்ல ஆன்ட்டி. அம்மாவுக்குத் தெரியாது. நான்தான் ஒளிச்சு வெச்சேன். நான் யாருக்கும் சொல்லல."

என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவள் நம்பவில்லை, அது நன்றாகவே தெரிந்தது. மூடியை எடுத்து மூடினாள்.

"பரவாயில்ல விடு கண்ணு. நீ என்ன வேணும்னா செஞ்ச?"

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். பதினொரு வயதில் ஒரு தடவை, அன்றைக்கு அவள் வீட்டு மேசையில் இன்னொரு தடவை. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். என் அம்மாவுக்குத் தெரியும். உங்கள் அம்மாக்களுக்கும் அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து தெரியும். ஆன்ட்டியின் போன் நம்பரைக் கீழே தனியாக அனுப்புகிறேன். குழுவின் பெயரை இப்போதே எடுத்துவிட்டேன்.